உதட்டில் சொன்ன பதில்கள்

மூன்றாம் வகுப்பு ஆங்கில வாய்மொழித் தேர்வில் கேட்ட கேள்விக்கெல்லாம் என் மகள் பதில் சொன்னாள். மிஸ் காதில் விழவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் பெற்ற பாசம் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் எதையும் அடித்துப் பேசிப் பழகியவள் இல்லை. கேஸை அணைத்தேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறவள். மகளுக்குக் காய்ச்சல் என்றால், தெர்மாமீட்டர்தான் பழுதோ என்று அதை என் கக்கத்திலும் ஒருமுறை வைத்துப் பார்க்கிறவள். அப்படிப்பட்ட நான் இந்த ஒன்றை மட்டும் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவள் பதில் சொன்னாள்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். சமையலறையை ஒட்டிய கூடத்தில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. காலையில் மோட்டாரைப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும். அப்புறம் இரவுச் சாப்பாட்டுக்குத்தான். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டிலும் தறி, எதிர்வீட்டிலும் தறி. அந்தச் சத்தத்தில் பேசுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. தொண்டை கிழியக் கத்தலாம். அல்லது குரலே எடுக்காமல் உதட்டை மட்டும் நன்றாக அசைத்துச் சொல்லலாம். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். கை கொஞ்சம் துணைக்கு வரும். விருந்தாளிகள் கத்துவார்கள். வீட்டுக்காரர்கள் உதட்டில் பேசுவார்கள்.

நான் களம்பூரில் பிறந்தவள். கல்லூரியில் கணக்குப் படித்தேன். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த புதிதில் என் கணவர் தறிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொல்வார். நான் "என்னங்க? என்னங்க?" என்று ஓடுவேன். கிட்டப் போனால் "தண்ணி" என்பார். திரும்ப ஓடுவேன். கொஞ்ச நாளில் பழகிவிட்டது. அவர் குரலைவிட அவர் உதடுதான் எனக்கு முதலில் பழக்கமானது. டீ வேண்டும், கரண்ட் பில் வந்திருக்கிறது, உங்கள் அக்கா ஃபோன் செய்தார், எல்லாம் உதட்டில்தான். சண்டையும் அப்படியே. மோட்டார் நின்ற பிறகு அதையே குரலெடுத்துத் தொடர இருவருக்கும் கூச்சமாக இருப்பதால் பாதிச் சண்டைகள் அங்கேயே முடிந்துபோகும்.

கத்துகிறவர்களுக்குத்தான் ஆபத்து. ஒருநாள் எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரிடம், "உங்கம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று கத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அம்மாவுக்கு மட்டும் இல்லை, தெருக்கோடி வீடு வரைக்கும் தெரிந்தது.

என் மகள் இந்த வீட்டில் வளர்ந்தவள். அவளுக்குக் கத்தவும் தெரியும், உதட்டில் பேசவும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் இருக்கிறது என்பது பள்ளிக்கூடம் போன பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. அது அவளுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இந்த வருடம் ஆங்கிலத்தில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் பாடம் வந்தது. பிக், பிக்கர். லாங், லாங்கர். ஹெவி, ஹெவியர். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். கல்லூரியில் மற்ற பாடங்களில் பயமில்லாமல் பரீட்சை எழுதினேன். ஆங்கிலத் தாளுக்கு மட்டும் முந்தின நாள் இரவு தூங்கமாட்டேன். அதனால் ஒவ்வொரு சொல்லையும் ஃபோனில் கேட்டுச் சரிபார்த்த பிறகே மகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். 'விட' என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் 'தேன்' என்ற சொல்லில் நாக்கின் நுனி பற்களுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று நானே பழகினேன். கணவர் பார்த்துவிட்டு, "இன்னா, யாருக்கு நாக்க நீட்டிகினு கீற?" என்று கேட்டார்.

புத்தகத்தில் யானையும் எலியும் இருந்தன. மகளுக்கு அதில் ஈடுபாடு வரவில்லை.

"யானை பெர்சுன்னு யாருக்குமா தெரியாது? இத்தப் போயி கேக்கறாங்களே."

நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டோம். சமையலறை வாசற்படியில் அவள் உட்காருவாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டே கேட்பேன். தறி ஓடிக்கொண்டிருக்கும், ஆகையால் கேள்வியும் பதிலும் உதட்டில்தான். ஆனால் உதட்டுக்கு ஒரு குறை உண்டு. படம் என்றாலும் மடம் என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். ஆங்கிலச் சொற்களில் இது இன்னும் குழப்பம். அதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை வைத்துக்கொண்டோம். 'தின்னர்' என்றால் அறுந்த இழையை ஒட்டும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டுமே, அது. 'ஹெவியர்' என்றால் பாவு சுற்றிய உருளையைத் தூக்கும்போது அவள் அப்பா முதுகை வளைக்கிற மாதிரி. 'பிரைட்டர்' என்றால் வெளிச்சத்தில் சரிகையைத் திருப்பிப் பார்ப்பது. 'தேன்' வரும் இடத்தில் ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றை வைத்து மேல்கையை உயர்த்த வேண்டும். அவள் அதைச் செய்யும்போது நாக்கு நுனியும் சரியாக வெளியே எட்டிப் பார்க்கும்.

கயிறு இழையைவிடத் தடிமன். சரிகை பட்டைவிடப் பளபளப்பு. அம்மா களம்பூர் ஆயாவைவிட உயரம், அப்பாவைவிடக் கறுப்பு. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லித்தரவில்லை, அவளாகவே சொன்னாள். தறியில் இருந்த இரண்டு சேலைகளைக் காட்டி எது அழகு என்று கேட்டேன். பார்த்துக்கொண்டிருந்த கணவர் கையை ஆட்டி உதட்டில் தடுத்தார்.

"தறியில கீற சேலைய மட்டம்னு சொல்லக் கூடாது. ஆவாது."

மகள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு சேலைகளையும் மாறி மாறிக் காட்டி, அது இதைவிட மோர் பியூட்டிஃபுல், இது அதைவிட மோர் பியூட்டிஃபுல் என்று தீர்ப்புச் சொன்னாள். அவள் அப்பாவுக்குத் திருப்தி.

எதிர்வீட்டு அக்காவின் பையனும் அவள் வகுப்புதான். அக்கா ஒருநாள் மிளகாய்த்தூள் கேட்டு வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னாடி, ரெண்டு பேரும் ஊமப்படம் காட்டிகினு கீறீங்க? என் பையன டூசன்ல சேத்துட்டேன், பேஜாரே இல்ல. நீ படிச்சவன்னு சொல்லிகினு கைய கைய ஆட்டிகினு கீறியே."

எனக்குச் சுருக்கென்றது. நான் செய்வது சரியா என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு ஃபோனில் டியூஷன் கட்டணம் கூட விசாரித்தேன். ஆனால் மகள் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது என் கண்ணெதிரே நடந்தது.

வகுப்பில் 'லவுட், லவுடர்' வந்த நாளில் மிஸ் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். மகள் எழுந்து நின்று வீட்டில் கத்துகிற குரலில் பதில் சொல்லியிருக்கிறாள். மிஸ் காதைப் பொத்திக்கொண்டு, "பாருங்க, இதுதான் எக்ஸாம்பிள். ஷி இஸ் லவுடர் தேன் த பெல்" என்றிருக்கிறார். வகுப்பே சிரித்தது. இடைவேளைக்குள் அவள் பெயரே லவுடர் ஆகிவிட்டது. "லவுடர், பென்சில் குடு." "லவுடர் வரா, காத மூடு."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டாள்.

"மிஸ் சொன்ன சென்டென்ஸ் கரெக்ட்டா மா?"

நான் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பிழை இல்லை.

"கரெக்ட்தான்" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கூடவே, எல்லா அம்மாக்களும் சொல்வதையும் சொன்னேன். ஸ்கூல்ல கத்தாத கண்ணு, மெதுவாப் பேசு. அவள் தலையாட்டினாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.

வாய்மொழித் தேர்வு முடிந்த வாரம் மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மிஸ்ஸுக்கு என் வயதுதான் இருக்கும். பெரணமல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். வகுப்பில் பிள்ளைகள் நிறைய. நாள் முழுக்க அவர்களுக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய், ஃப்ளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து மேசையில் வைத்திருப்பார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன்.

"ஓரல்ல ஒரு வார்த்த பேசலம்மா. கைய கட்டிகிட்டு நின்னு என்னையே பாத்துகிட்டிருக்கா. வாய சும்மா சும்மா மெல்றா. ஒண்ணு கத்துறா, இல்ல ஒண்ணுமே சொல்லமாட்டேன்றா. காது சரியா கேக்குதான்னு செக் பண்ணிடுங்க. அடுத்த மாசத்துல இருந்து சப்போர்ட் கிளாஸ்ல போடறேன்."

சப்போர்ட் கிளாஸ் என்றால், மற்ற பிள்ளைகள் டிராயிங்குக்கும் விளையாட்டுக்கும் போகிற பீரியடில், படிக்க வராத பிள்ளைகளை மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் உட்காரவைத்து ஏபிசி எழுதச் சொல்வது. வருடம் முடியும் வரை. என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிடித்ததே டிராயிங்தான். அதுவும் போய்விட்டால் லவுடர் என்று கூப்பிடும் பிள்ளைகளைத் தவிர அவளுக்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் மிஸ்ஸிடம் நான், "சரிங்க மிஸ்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

வரும் வழியெல்லாம் காது என்ற ஒரே சொல்தான் ஓடியது. பிறந்ததிலிருந்து தறிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தொட்டிலே அந்தக் கூடத்தில்தான் கட்டியிருந்தேன்; நாடா அடிக்கிற தாளத்தில்தான் தூங்குவாள், மோட்டார் நின்றால் எழுந்து அழுவாள். அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஐயோ என்றிருந்தது.

காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்றார்கள். நான் வெளியே நின்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். எனக்குக் கேட்காத சத்தத்துக்கெல்லாம் அழுத்துகிறாளோ என்று அதற்கும் ஒரு பயம். டாக்டர், காதில் ஒன்றும் குறையில்லை என்றார். தறி ஓடுகிற கூடத்தில் இனிமேல் அதிக நேரம் இருக்க விடாதீர்கள் என்றும் சொன்னார். அது சரியான பேச்சு. அதை ஏற்றுக்கொண்டேன், அவள் படுக்கையை அன்றைக்கே மாடி அறைக்கு மாற்றினேன்.

காது சரி என்றால் ஏன் பேசவில்லை? அன்று இரவு சமையலறை வாசற்படியில் அவளை நிறுத்தினேன். தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஓரலில் நின்ற மாதிரியே நின்று காட்டு என்றேன், உதட்டில்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மிஸ் கேட்ட கேள்விகளை அவளே எனக்குச் சொல்லிவிட்டுப் பதிலையும் சொன்னாள். த ட்ரெயின் இஸ் லாங்கர் தேன் த பஸ். சரி. த ஸ்டோன் இஸ் ஹெவியர் தேன் த லீஃப். சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. அப்புறம் மிஸ் ஏன் அப்படிச் சொன்னார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. இதைத்தானே மிஸ்ஸிடமும் சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தாள். அந்த நேரம் என் கணவர் சாப்பாட்டுக்காக மோட்டாரை நிறுத்தினார்.

வீடு திடீரென்று அமைதியாயிற்று. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. வாக்கியம் பாதியில் இருந்தது. முடிவு வரை போனது. நாக்கு நுனி 'தேன்' என்ற இடத்தில் சரியாக எட்டிப் பார்த்தது. குரல் மட்டும் இல்லை. ஒரு துளிகூட இல்லை. கத்தாதே என்று சொன்னேன், அவள் கத்தவில்லை. அவளுக்குத் தெரிந்த இன்னொரு வழியில் பேசியிருக்கிறாள். அதுவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னதால் சைகையும் இல்லாமல், வெறும் உதட்டால்.

நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணவர் கை கழுவிக்கொண்டு வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கீறா. போயி மிஸ்கிட்ட சொல்லிட்டு வா" என்றார், ஏதோ கடையில் மீதிச் சில்லறை வாங்கி வரச் சொல்வதுபோல.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்காவிடம் யோசனை கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"வாய மூடிக்கினு குந்து. மிஸ்ஸ பகைச்சிக்கினா வருசம் பூரா புள்ளைக்குத்தான் கஷ்டம். ஒரு டிராயிங் போனா இன்னா, இவ இன்னா படம் வரைஞ்சி விக்கவா போறா?"

"அவ பதில் சொல்லிக்கீறா க்கா."

"யாருக்குக் கேட்டுச்சி?"

அந்தக் கேள்விதான் என்னை அனுப்பியது என்று நினைக்கிறேன். யாருக்குக் கேட்டது. எனக்குக் கேட்டதே. நான் ஒரு ஆள் இல்லையா?

மத்தியான இடைவேளையில் பள்ளிக்குப் போனேன். போகிற வழியில் பேச வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பு வாசலுக்கு வந்ததும் எல்லாம் மறந்துபோய், "மிஸ், அவ பதில் சொன்னா" என்று மட்டும் சொன்னேன். பிறகு தறி, உதடு, சைகை என்று முன்னும் பின்னுமாக உளறினேன். மிஸ் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரிம்மா. நான் என்ன பண்ணணும்ன்றீங்க? ஓரல்னா வாயால பேசணும்."

"வாயாலதான் மிஸ் பேசினா."

"எனக்குக் கேக்கணும் இல்ல?"

"இப்ப கேளுங்க மிஸ். அவ சொல்றத நான் சத்தமா சொல்றேன்."

மிஸ் சிரித்துவிட்டார். "நீங்களே பதில சொல்லிட்டு, அவ சொன்னான்னு சொல்லுவீங்க. எந்த அம்மாதான் சொல்லமாட்டாங்க?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் "சரிங்க மிஸ்" என்று சொல்லியிருப்பேன். மகள் பெஞ்சிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவர் உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் சொல்லவில்லை.

"நான் வெளிய போயி நிக்கறேன் மிஸ். ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மரத்தடியில. நீங்க கேக்கறது எனக்குக் கேக்காது. படத்த அவளுக்கு மட்டும் காட்டுங்க. நான் அவ வாயப் பாத்து சொல்றேன். தப்பா சொன்னா நீங்க எங்க வேணும்னாலும் போடுங்க."

மிஸ் ஃப்ளாஸ்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "பிரேக் முடியறதுக்குள்ள ஜல்தியா முடிக்கணும்" என்று படம் போட்ட அட்டைகளை எடுத்தார்.

நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். ஜன்னல் கம்பிகளுக்குள்ளே மிஸ்ஸின் முதுகு தெரிந்தது. அதற்கு ஒரு பக்கமாக, ஜன்னலைப் பார்த்தபடி மகள். அட்டையை மிஸ்ஸின் உடம்பு மறைத்திருந்தது. மகள் பழக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. உதட்டை மட்டும் வைத்து எனக்குப் பாதிதான் புரிந்தது.

"மிஸ்!" என்று கத்தினேன். மைதானத்தில் விளையாடிய பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "கைய அவுத்துவுடச் சொல்லுங்க மிஸ்!"

"கைகட்டித்தான் நிக்கணும்மா, அது ரூல்!"

"நாக்க கட்டிப் போட்டுட்டுப் பேசுன்னு சொல்லுவீங்களா மிஸ்? அவளுக்கு கையும் வாய்தான்!"

இதை நான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். சொன்னேன். மிஸ் ஏதோ சொல்ல, மகள் கையைப் பிரித்தாள். இந்தமுறை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருண்டன.

"த்ரெட் இஸ் தின்னர் தேன் ரோப்!" என்று கத்தினேன்.

மிஸ்ஸின் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்த அட்டை. மகள் முதுகை வளைத்தாள். "பாட் இஸ் ஹெவியர் தேன் ஸ்பூன்!" அடுத்தது. "சன் இஸ் பிரைட்டர் தேன் மூன்!" என் உச்சரிப்பைப் பற்றி அப்போது எனக்கு எந்தக் கவலையும் இல்லை. மைதானத்துப் பிள்ளைகள் கூட்டம் கூடிவிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவர்களும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மிஸ் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டு என்னை உள்ளே வரும்படி கையசைத்தார். நான் வாசலுக்கு வந்ததும் மகளைப் பார்த்து, "அட்டை வேணாம். நீயா ஒரு சென்டென்ஸ் சொல்லு. எதப் பத்தி வேணும்னாலும்" என்றார்.

மகள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கரும்பலகை, அலமாரி, மேசை. மேசை பெஞ்சைவிடப் பெரிது என்று சொல்லிவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன். அவள் பார்வை மிஸ்மேல் வந்து நின்றது. உதடு அசைந்தது. ஒரு கை மிஸ்ஸைக் காட்டியது. பிறகு தொண்டையருகே விரல்களை விரித்தாள். உள்ளங்கைமேல் உள்ளங்கை உயர்ந்தது. கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டாள்.

எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மிஸ் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையும் பெஞ்சும் என் நாக்கில் தயாராக இருந்தன. மாற்றிச் சொன்னால் யாருக்கும் தெரியாது, அவளைத் தவிர. 'தேன் மீ' என்பது சரியா, 'தேன் ஐ' என்று வர வேண்டுமா என்ற சந்தேகம்கூட அந்த நேரத்தில் எட்டிப் பார்த்தது. இருக்கட்டும். அவள் சொன்னதைத்தான் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்து வந்திருக்கிறேன்.

"மிஸ் இஸ் லவுடர் தேன் மீ" என்றேன்.

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. மிஸ் ஃப்ளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார். மெதுவாகத்தான் மூடினார்.

"அத அவளே சொல்லட்டும்" என்றார். "எனக்குக் கேக்கற மாதிரி."

மகள் என்னைப் பார்த்தாள். கத்தலாமா, கூடாதா? பள்ளிக்கூடம் போனதிலிருந்து அவளுக்கு எல்லோரும் இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம். நான் வலது கையை உயர்த்திக் கீழே இழுத்தேன். அவள் அப்பா காலையில் மோட்டாரைப் போடுகிற சைகை. தறி ஓடுகிறது, பேசு.

"மிஸ் இஸ் லவுடர் தேன் மீ!"

பக்கத்து வகுப்பில் டிபன் பாக்ஸ் ஒன்று கீழே விழுந்தது. மிஸ்ஸின் கை காதை நோக்கிப் போனது. பாதியில் நின்று, முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது.

"பாஸ்" என்றார். "சப்போர்ட் கிளாஸ் வேணாம். ஆனா வீட்ல சொல்லுங்கம்மா, கத்தறத கொறைக்கணும்."

"கொறைன்னு சொல்லமாட்டேன் மிஸ்" என்றேன். "அத சொன்னதாலதான் வாயே மூடிக்கினா. நடுவுல ஒரு கொரல் கீதுன்னு கத்துக் குடுக்கறேன். நாளாவும். அதுவரைக்கும் கத்துவா. நீங்களும் லவுடர்னு யாரையும் கூப்புட வுடாதீங்க."

மிஸ் அட்டைகளை அடுக்கி மேசைக்குள் வைத்தார். மணி அடித்தது.

சாயங்காலம் மகளை அழைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் தறிகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று உதட்டில் கேட்டார். இன்னாடி ஆச்சி?

உதட்டிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும். இந்தத் தெருவுக்கு வாழவந்ததிலிருந்து நான் வாசலில் நின்று குரலை உயர்த்தியதே இல்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கீறா க்கா!" என்று கத்தினேன். "எல்லாத்துக்கும்!"

கரண்ட் இருந்ததா போனதா என்று நான் பார்க்கவில்லை. கோடி வீடு வரைக்கும் கேட்டிருந்தால் கேட்கட்டும்.